எரித்ததும் எரிந்ததும்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் சௌக்கியம், என் காதைத் தவிர. நீயும் மாமாவும் காது உட்பட சௌக்கியமாக இருக்க வேண்டும்.

டிசம்பர் கடைசி வியாழக்கிழமை எங்கள் மின்நிலையத்தை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தச் சொன்ன காகிதமே உன் அலுவலகத்தில் இருந்துதானே கிளம்பியது, உனக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். டர்பைன் சுற்றி ஓய அரை மணி நேரம் ஆனது. மற்றவர்கள் சத்தம் அடங்கியதை வைத்துத் தெரிந்துகொண்டார்கள். இருபத்திரண்டு வருஷம் அதன் பக்கத்திலேயே நின்று காதைப் பறிகொடுத்த எனக்கு உள்ளங்காலில்தான் தெரிந்தது. தரை நடுங்குவது நின்றுபோனது.

நானூறு பேரில் ஆறு பேரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் நிலக்கரி யார்டுப் பொறுப்பாளர். பெயர்தான் பெரிது, கேட்டைப் பூட்டித் திறப்பதும் மாதம் ஒருமுறை உங்கள் படிவத்தை நிரப்புவதும்தான் வேலை. குவார்ட்டர்ஸ் வீட்டிலேயே இருக்கலாம் என்றார்கள், அதற்காகவே தலையை ஆட்டினேன். மகள் இந்தப் பள்ளியிலேயே படித்து முடிக்கட்டும்.

வாசலுக்கு நேர் எதிரே எண்பதாயிரம் டன் நிலக்கரி மீந்துபோய்க் கிடக்கிறது. வேறு நிலையத்துக்கு ஏற்றி அனுப்பப் போகிறார்களாம். யார்டுக்காரர்கள் அந்தக் குவியலுக்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வெளியே அசையாமல் உட்கார்ந்திருக்கும், உள்ளே எப்போதும் ஒரு புகைச்சல் இருக்குமாம். நம் அம்மா போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள் உன் தம்பி பெண்டாட்டி. “எனக்கு மாமியார் இல்லாத குறை தீர்ந்துச்சு” என்கிறாள்.

படிவத்தில் ‘இம்மாதம் எரித்த நிலக்கரி’ என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு அனுப்பியிருக்கிறேன். பார்த்துக்கொள்.

நிலையத்தோடு செல்போன் டவரையும் கழற்றிவிட்டார்கள். பேச வேண்டுமானால் கடைத்தெரு வரை நாலு மைல் போக வேண்டும். போனாலும் நீ சொல்வதில் பாதி என் காதில் விழாது, மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன். அதனால் எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

உன் காதுக்கும் சேர்த்து நலம் விசாரிக்கிறேன். மாமாவுக்கு மூட்டு வலி, எனக்கு அதைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்கும் வலி. வேறு குறையில்லை.

மூடிய ஐந்து நிலையங்களின் படிவங்களும் என் மேசைக்கு வந்தன. மற்ற நான்கும் தட்டச்சில், உன்னுடையது மட்டும் பேனாவில். பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல் பூஜ்யத்தை முட்டையாகவே போட்டிருந்தாய். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பதினைந்து வருஷமாக நான் ஒரே கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தம்பி. இந்தப் பிராந்தியம் எவ்வளவு கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறது என்று காட்டும் கோடு. எத்தனை கூட்டம் போட்டாலும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. இந்த மாதம் முதல்முறையாக, படிக்கட்டில் தவறி விழுந்தவன் மாதிரி அது மடமடவென்று இறங்கியது.

‘எரித்த’ என்ற அந்தச் சொல்லுக்கு நான் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன், தெரியுமா? மேலதிகாரி ‘பயன்படுத்திய’ என்று போடச் சொன்னார். அப்படிப் போட்டால் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். எரித்தாயா இல்லையா என்று நேராகக் கேட்டால் மழுப்ப முடியாது.

உன் வேலையை என் அலுவலகம்தான் பறித்தது. அதற்கு நீ ஒரு வரி கூடத் திட்டி எழுதவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இத்துடன் ஒரு காது மெஷின் அனுப்புகிறேன். விலை கேட்காதே, போட்டுக்கொள்.

அக்கா


மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம், இந்த முறை என் காதும் சேர்ந்து. மெஷினை மாட்டிக்கொண்ட முதல் நாள் உன் தம்பி பெண்டாட்டி முணுமுணுப்பது முழுக்கக் கேட்டது. கழற்றி வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பத்து நாளாக விடாமல் மழை. ஊரே ஊறிக் கிடக்கிறது. மாமியாரின் மேற்குப் பக்கம் மட்டும் காய்ந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் ஈரம் நிற்பதே இல்லை, விழுந்த கையோடு ஆவியாகிப் போகிறது. யார்டு நாய்கள் குளிருக்கு அங்கேதான் போய்ப் படுத்துக்கொள்கின்றன. நேற்று கையை வைத்துப் பார்த்தேன். புதிதாகக் காய்ச்சிய பால் பாத்திரத்தைத் தொட்டமாதிரி இருந்தது. மகள், அந்த வாயாடி, “மாமியாருக்குக் காய்ச்சலாப்பா?” என்கிறாள்.

எனக்கு விஷயம் புரிகிறது. நிலையம் ஓடும்போது டோசர் வண்டி நாள் முழுக்கக் குவியலின் மேல் ஏறி இறங்கிக் கரியை அழுத்திக்கொண்டே இருக்கும். இடுக்கில் காற்று புகக் கூடாது. தண்ணீரும் தெளிப்பார்கள். இப்போது டோசரை விற்றுவிட்டார்கள், பம்புக்குக் கரண்ட் இல்லை. மின்சாரம் செய்த இடத்தில் ஒரு பம்பு ஓடக் கரண்ட் இல்லை, சிரிப்பாக இல்லை? காற்று உள்ளே புகுந்து கரி தானாகவே பற்றிக்கொண்டிருக்கிறது. நிர்வாகத்துக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். குவியலை வேறொருவர் தலையில் கட்டியாகிவிட்டது, அவர்களிடம் கேள் என்கிறார்கள். அவர்களோ இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள்.

இப்போது உன்னிடம் ஒரு சந்தேகம். உன் படிவத்தில் ‘எரித்த நிலக்கரி’ என்று இருக்கிறது. நாங்கள் எதையும் எரிக்கவில்லை. ஆனால் கரி எரிகிறது. ‘எரிந்த நிலக்கரி’ என்று ஒரு கட்டம் இல்லையே, நான் எங்கே எழுதுவது?

உன் தம்பி

அண்ணி, இது நான், உங்கள் தம்பி மனைவி, எழுதுவது. இடம் இருக்கிறதே என்று எழுதுகிறேன். குவியல் உஸ்ஸென்று சத்தம் போடுகிறது. மெஷின் மாட்டினாலும் அவருக்கு அது கேட்பதில்லை.


ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம் என்று படித்து மகிழ்ந்தேன். வாயாடிக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறேன், கை நீளம் எவ்வளவு என்று அளந்து அனுப்பு. மாமா ஒரு புது வைத்தியரைப் பிடித்திருக்கிறார். இங்கே வேலை கழுத்து வரை இருக்கிறது. மே கடைசியில் எங்கள் அறிக்கை வெளியாகிறது. ஐந்து நிலையங்களை மூடியதால் காற்றில் கலப்பது எவ்வளவு குறைந்தது என்பதுதான் அதன் உயிர். அதை வைத்துத்தான் இன்னும் மூன்று நிலையங்களை மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். மூடக் கூடாது என்கிறவர்கள் ஒரு ஓட்டை கிடைக்காதா என்று பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

குவியலைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அறிக்கை வரும் வரை படிவத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் எழுது, தம்பி. அதற்குப் பிறகு நானே மேலே சொல்கிறேன்.

மெஷினைக் கழற்றாதே.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். கேட்டதற்கு மட்டும் பதில்: யாரும் கரியை எரிக்கவில்லை. பூஜ்யம். முட்டையாகவே போட்டிருக்கிறேன்.

கேட்காததையும் கொஞ்சம் எழுதுகிறேன், இது படிவம் இல்லையே. வாசல் பக்கத்து ஜன்னல்களைத் திறப்பதில்லை. திறந்தால் மூவருக்கும் தலை கனக்கிறது. வாயாடி பள்ளிக்குப் போனால் சரியாகிவிடுகிறது, வீட்டுக்கு வந்தால் வாந்தி வருகிறது. அவளைப் பின்கட்டில் படுக்க வைத்திருக்கிறோம். சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது குவியலின் மேற்கே ஒரு வெடிப்பு தெரியும். அடுப்பின் வாய் மாதிரி உள்ளே சிவப்பாக இருக்கிறது.

முன்பு டோசர் ஓட்டியவர் போன வாரம் பழைய சீருடையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். குவியலைப் பார்த்ததும் மனுஷன் முகமே மாறிவிட்டது. என் சட்டையைப் பிடித்து இழுத்து, மெஷின் பக்கமாக வாயை வைத்துச் சொன்னார்: “மேல தட்டு மாதிரி குழிஞ்ச இடம் இருந்தா அங்க மட்டும் காலை வைக்காதே. அடியில எரிஞ்சு காலியா இருக்கும். மேல தோல் மட்டும்தான்.”

நான் ஏன் ஏறப் போகிறேன், நான் டர்பைன்காரன் என்று சொல்லி அனுப்பினேன்.

மே கடைசி தூரத்தில் இல்லை. பொறுத்துக்கொள்கிறோம். நீ செய்கிற வேலை நல்ல வேலை என்று எனக்குத் தெரியும். கூரையில் துணி காயப்போட்டால் சாம்பல் விழாத காலம் ஒன்று வரும் என்று நீ சின்ன வயதிலேயே சொல்வாய்.

உன் தம்பி


ஜூன் 8

அன்புத் தம்பிக்கு,

நலமா? அவசரமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

அறிக்கை வெளியாகிவிட்டது. மந்திரியே மேடையில் படித்தார். “மூடிய ஐந்து நிலையங்களில் எரித்த நிலக்கரி பூஜ்யம்” என்று அவர் சொன்னபோது அரங்கமே எழுந்து கைதட்டியது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து உன் முட்டையை நினைத்துக்கொண்டேன். இன்னும் மூன்று நிலையங்களை மூட ஒப்புதல் வந்துவிட்டது. என்னைப் பிரிவுத் தலைவராக்கியிருக்கிறார்கள். பத்திரிகைத் துண்டு இணைத்திருக்கிறேன், பின்வரிசையில் தெரியும் பாதி முகம் என்னுடையது.

ஸ்வெட்டர் முடியப் போகிறது. மற்றதை நேரம் பார்த்து மேலே சொல்கிறேன்.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

வாழ்த்துகள். பத்திரிகைத் துண்டை வாயாடி சுவரில் ஒட்டிவிட்டாள். “அத்தை ஏன் சிரிக்கல?” என்று கேட்கிறாள்.

இங்கே ஒரு சங்கடம். கடைசியில் குவியலை ஏற்றிப் போக ஆட்கள் வந்தார்கள், ஏற்றுவதற்கு முன்னால் அளந்தார்கள். ஆறாயிரம் டன் குறைகிறது என்று ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். எங்கே போயிற்று என்றார்கள். எரிந்துபோயிற்று என்றேன். அப்போது நிர்வாகத்து அதிகாரி ஒரு கோப்பைத் திறந்து உன் படிவங்களின் நகல்களை வரிசையாக மேசையில் வைத்தார். ஐந்து மாதம், ஐந்து பூஜ்யம். “உங்க கையெழுத்துதானே?” என்றார். ஆமாம் என்றேன். “எரியலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப யாருக்கு வித்தீங்க?”

நான் எழுதியது ‘எரித்த’, ‘எரிந்த’ இல்லை என்றேன். என் காதில் பூ சுற்றாதே என்கிற மாதிரி பார்த்தார். குவியலைப் போய்ப் பாருங்கள் என்றேன். ஓரமாகப் புகைகிறது, அதனால் ஆறாயிரம் டன் போகுமா என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார். மார்ச்சில் நான் எழுதிய இரண்டு கடிதங்களும் அவர்களிடம் வந்து சேரவில்லையாம்.

ஆகஸ்ட் முதல் தேதிக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் போலீசில் திருட்டுப் புகார், வீட்டையும் காலி செய்ய வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு ஸ்பானரைக் கூட வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை அக்கா. எனக்குத் திருடன் பட்டம்.

உன் ஏப்ரல் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். நீ ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். குவியல் எரிகிறது என்று மார்ச்சிலேயே தம்பி எனக்குச் சொன்னான் என்று. அது முடியாது என்றாலும் சொல்லிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன். வேறு வழி பார்க்கிறேன்.

உன் தம்பி


ஜூலை 16

அண்ணிக்கு,

நமஸ்காரம். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இருபது நாளாக உங்களிடமிருந்து பதில் இல்லை. கடைத்தெருவுக்கு நடந்து போய் மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் நீங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்.

தபால்காரர் வரும் நேரத்துக்குத் தினமும் அவர் கேட்டில் போய் நிற்கிறார். வெறுங்கையோடு திரும்பி வந்து, “அக்காவுக்கு வேலை அதிகம்” என்று என்னிடம் சமாதானம் சொல்கிறார். நான் கேட்கவே இல்லை.

இப்போது பழைய யார்டில் இருந்து இரும்புக் குழாய் நாலு கொண்டுவந்து போட்டிருக்கிறார். குவியலின் மேல் ஏறி நாலு இடத்தில் குழாயை இறக்கி, உள்ளே எவ்வளவு சூடு என்று அளக்கப் போகிறாராம். அளவைக் காட்டினால் திருட்டு இல்லை என்று நம்புவார்களாம். டோசர்காரர் சொன்னதை நினைவுபடுத்தினேன். “பாத்துதான் வைப்பேன்” என்கிறார்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்வார்கள். நான் வாசலிலேயே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உஸ்ஸென்ற சத்தம் இப்போது நின்றுவிட்டது அண்ணி. அதுதான் எனக்கு அதிகமாகப் பயமாக இருக்கிறது. நீங்கள் எழுதினால் அவர் ஏற மாட்டார். தயவு செய்து எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஜூலை 24

என் தம்பிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

குவியலில் ஏறாதே. இதை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படி. அங்கே போன் மணி அடிக்காது என்பதால் துரித அஞ்சலில் அனுப்புகிறேன்.

உன் ஜூன் கடிதத்தை நாலு வாரம் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்று முறை அந்த ஒரு வரியை எழுதிக் கிழித்துப் போட்டேன். உன் வீட்டுக்காரியின் கடிதம் வந்த பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆறாயிரம் டன் என்பது உங்கள் நிலையம் ஓடிய காலத்தில் இரண்டு நாளில் எரித்த கரி, தம்பி. வெறும் இரண்டு நாள். அதை நான் மார்ச்சிலேயே சேர்த்திருந்தால் அந்தக் கோடு மயிரிழை கூட ஏறியிருக்காது. நிலையங்களை மூடியது அப்போதும் சரிதான், இப்போதும் சரிதான், யாராலும் அதை அசைத்திருக்க முடியாது. மேடையில் சொல்வதற்குப் பூஜ்யம் என்ற ஒரு சொல் மட்டும்தான் போயிருக்கும். அந்தச் சொல்லுக்காக உங்கள் மூன்று பேரையும் புகையில் உட்கார வைத்தேன்.

இன்று காலை எல்லாவற்றையும் எழுதி மேலே கொடுத்துவிட்டேன். உன் கடிதங்களையும் என் கடிதத்தையும் சேர்த்தே கொடுத்தேன். உன் மீது யாரும் புகார் கொடுக்க முடியாது. படிவத்தை மாற்றியாகிவிட்டது. இனி ‘எரித்த / எரிந்த நிலக்கரி’ என்று இருக்கும். வியாழக்கிழமை தீயணைப்புக்காரர்களோடு எங்கள் ஆட்கள் வருகிறார்கள். அதுவரை வாயாடியைக் கூட்டிக்கொண்டு வேறெங்காவது இருங்கள். இங்கே விசாரணை முடிந்ததும் நானும் வருகிறேன். நேரில் திட்டு, மெஷின் இல்லாமலே எனக்குக் கேட்கும்.

அக்கா


ஆகஸ்ட் 3

அண்ணிக்கு,

கடிதத்தை அவர் தொடங்குவதுபோல் தொடங்க எனக்கு வரவில்லை.

தந்தி வாசகம் மாதிரி தகவல் மட்டும் உங்களுக்கு வந்திருக்கும். நடந்ததை நான் எழுதுகிறேன். உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. அவர் திங்கட்கிழமை ஏறினார்.

காலை பத்து மணிக்கு நல்ல வெயில். போகும்போது காது மெஷினைக் கழற்றி அதன் பெட்டியில் வைத்தார். “தூசி பட்டா கெட்டுடும், அக்கா வாங்கிக் கொடுத்தது” என்றார். மூன்று இடத்தில் குழாயை இறக்கி அளந்தார். ஒவ்வொன்றையும் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். நாலாவது குழாயைத் தூக்கிக்கொண்டு மேற்குப் பக்கம் நடந்தார். கீழே நின்ற எனக்கு அவர் கால் பட்ட இடத்தைச் சுற்றிக் கரி பொடிப்பொடியாக உள்ளே சரிவது தெரிந்தது. தொண்டை கிழியக் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். என் வாய் அசைவது மட்டும் தெரிந்திருக்கும். சிரித்துக்கொண்டே காதைத் தொட்டுக் காட்டினார், இறங்கி வந்து கேட்கிறேன் என்று. அடுத்த அடி எடுத்து வைத்தார்.

வியாழக்கிழமை வந்த உங்கள் ஆட்கள் இரண்டு நாள் தண்ணீர் அடித்த பிறகுதான் அவரை எடுக்க முடிந்தது. வாயாடிக்குக் காட்டவில்லை.

பதிவேட்டுத் தாளை இணைத்திருக்கிறேன். அது அவர் கையில் இல்லை, சரிவுக்கு இந்தப் பக்கம் கல் வைத்து வைத்திருந்தார். முதல் துளை எழுபத்தொரு டிகிரி. இரண்டாவது நூற்று நாற்பது. மூன்றாவது ‘தெர்மாமீட்டரில் அவ்வளவு டிகிரி இல்லை’. நாலாவதன் எதிரே காலியாக இருக்கிறது. அங்கே பூஜ்யம் போடாமல் விட்டிருக்கிறார்.

நிர்வாகத்திலிருந்து ஒரு காகிதம் கொண்டுவந்து என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ‘அனுமதியின்றி ஏறித் தவறி விழுந்தார்’ என்று இருக்கிறது. நான் போடவில்லை. அவர் தவறவில்லை அண்ணி. பார்த்துத்தான் கால் வைத்தார். ‘தவறி’ என்ற இடத்தில் என்ன போட வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லைப் பார்த்துப் பார்த்து வைக்கிறவர் நீங்கள். காகிதத்தையும் இணைத்திருக்கிறேன், திருத்தி அனுப்புங்கள்.

ஒரு எழுத்தை மாற்ற உங்களுக்கு நாலு மாதம் ஆனது. இதற்கு அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்வெட்டர் வந்தது. கை நீளம் சரியாக இருக்கிறது.

உங்கள் தம்பி மனைவி